குனிந்தால் அளவு மாறும்

மாத்திரையைச் சாக்பீஸ் டப்பாவின் மூடிமேல் வைத்துவிட்டு, அரக்கு நிறப் பட்டுத் துணியை வெட்டுமேசையில் விரித்தபோது சகாயராணிக்கு வீட்டு கேஸ் அடுப்பின் ஞாபகம் வந்தது. அணைத்தோமா? அணைத்தாயிற்று. அணைத்து, ரெகுலேட்டரையும் திருகி, திருகியதைத் தொட்டுப் பார்த்து, வாசல்வரை வந்தவள் மறுபடி உள்ளே போய் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்ததும், புருஷன் பிரிட்டோ ஸ்கூல் வேனின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "சிலிண்டருக்கு ஒரு முத்தமும் குடுத்துட்டு வா, கிளம்பலாம்" என்று சொன்னதும் எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன செய்ய, நம்பிக்கை வர வேண்டாமா? உறையூர்க் கடைத்தெரு அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. தையல் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள். முழுசாகத் தூக்கினால் யாராவது தலையை நீட்டி ஃபால்ஸ் அடித்தாயிற்றா என்று கேட்பார்கள். கொக்கி வைக்கவும் ஹெம்மிங் செய்யவும் வருகிற ரஹ்மத், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வருவாள். அவள் வருவதற்குள் மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவோடு இந்தத் துணியில் கத்திரி வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. துணி லோகநாயகியம்மாள் மகளின் முகூர்த்தச் சேலையோடு ஒட்டி வந்த ஜாக்கெட் துணி. தப்பாக வெட்டினால் வேறு துணி கிடையாது. அதே அரக்கு, அதே ஜரிகைக் கரை இந்த ஊரில் எந்தக் கடையில் தேடினாலும் கிடைக்காது. அது சகாயராணிக்குத் தெரியும், ஏனென்றால் துணி கைக்கு வந்த மறுநாளே, ஒன்றும் கெட்டுப்போகாதபோதே, அவள் பெரிய கடைவீதிக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கெட்டுப்போகாத துணிக்கு மாற்றுத் துணி தேடுகிறவளை என்ன சொல்வது. இதைக் கேட்டு ரஹ்மத் தலையில் அடித்துக்கொள்ளாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

சாப்பிட்டாயிற்று. வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று டாக்டர் மைதிலி சொன்னதால் இரண்டு இட்லியைத் தண்ணீர் குடித்து இறக்கியிருந்தாள். காபியைக் குறைக்கச் சொன்னதால் இன்று காபி இல்லை. காபி இல்லாததால் நெற்றியின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறித்தது, அதுகூட மாத்திரையின் வேலையாக இருக்குமோ என்று ஒரு கணம் பயந்து, இன்னும் மாத்திரையே போடவில்லை என்பது பிறகு உறைத்தது. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துக் காகிதத்தைப் படித்த நாளிலிருந்து இதே கதைதான். வாய் உலரும் என்று படித்தாள், உலர்ந்தது. பசி எடுக்காது என்று படித்தாள், எடுக்கவில்லை. நெஞ்சு படபடக்கும் என்ற வரிக்கு வருவதற்கு முன்பே படபடத்தது. ஒரு மாத்திரையை விழுங்காமலே அதன் கெடுதல் எல்லாவற்றையும் அனுபவித்துவிட்ட பெண்மணி அநேகமாக அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ராத்திரி போடுவது வேறு மாத்திரை, அது பயத்துக்கு, போன மழைக்காலத்திலிருந்து போடுகிறாள். காலையில் போடச் சொல்லியிருப்பது இது, கவனத்துக்கு. "உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு, சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு, யாரும் கவனிக்கல. பதற்றமும் கூடவே இருக்கு" என்று டாக்டர் மைதிலி சொன்னார். யாரும் கவனிக்காத கவனக்குறைவு என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் டாக்டர் என்ன நினைப்பார் என்று அடக்கிக்கொண்டாள். "இதப் போட்டா என் பயம் கூடிடுமா டாக்டர்?" என்று கேட்டாள். அதற்கு அவர் கூடாது என்று சொல்லியிருக்கலாம், எவ்வளவோ டாக்டர்கள் எவ்வளவோ சொல்கிறார்கள். "கூடலாம். சிலருக்குப் பதற்றம் ஏறும், சிலருக்கு மறதி குறையிறதால பயமும் சேர்ந்து குறையும். உங்களுக்கு எதுன்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்மா. அதனாலதான் பிரஷர், ஈ.சி.ஜி. எல்லாம் பாத்துட்டு ரொம்பச் சின்ன அளவுல ஆரம்பிக்கிறோம். ஒத்துக்கலன்னா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்றார். ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. அந்த நேர்மைதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. மத்தியானத்துக்கு மேல் போட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும் என்பதால் மத்தியானம்வரைதான் கெடு. ஆகவே தினமும் மத்தியானம்வரை போடுவோமா வேண்டாமா என்று மூடிமேல் இருக்கும் மாத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, பசிக்கும் நேரம் வந்ததும், சரி, இனி நாளைக்குத்தான் என்று டப்பாவில் போட்டு மூடும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அது பரீட்சை ஒத்திவைத்த நிம்மதி. ஒரு வாரமாக அந்த நிம்மதியில்தான் மத்தியானச் சாப்பாடு இறங்குகிறது.

மேசைக்கு மேலே ஆணியில் இரண்டு கை தொங்கிக்கொண்டிருந்தன. ஜாக்கெட் கைதான், மெரூன் பட்டு, ஜரிகைக் கரை போட்டது. புதிதாக வருகிறவர்கள் மாடலுக்கு மாட்டியிருப்பதாக நினைத்து, இதே மாதிரி கை வை என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் இடது கை. போன வருஷம் ஓய்வு பெற்ற ஒரு ஹெட்மிஸ்ட்ரஸின் துணியில் ஒரு கையை வெட்டி முடித்த நேரத்தில் தெருவில் உப்பு விற்கிறவன் போனான், வீட்டில் உப்பு இருக்கிறதா என்று யோசித்தாள், அந்த யோசனை உப்பிலிருந்து ஊறுகாய்க்கும் ஊறுகாயிலிருந்து பிரிட்டோவின் பிரஷருக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் கத்திரி இரண்டாவது கையையும் வெட்டி முடித்திருந்தது. இரண்டாவது கைக்கு அளவுக் காகிதத்தைத் திருப்பிப் போட வேண்டும், திருப்பவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கு நெஞ்சு அடித்த அடியில் மாரடைப்பு என்றே நினைத்து, பிரிட்டோ பிள்ளைகளோடு வேனை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி மனநல டாக்டர் மைதிலியிடம் அனுப்பியது அப்படித்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மனுஷி, வேறு துணியில் கை வைக்கச் சொல்லிவிட்டுச் சத்தம் போடாமல் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். சகாயராணிதான் அந்தக் கைகளை ஆணியில் மாட்டினாள், தினமும் கண்ணில் பட வேண்டும், பட்டால் பயம் வரும், பயம் வந்தால் கை தப்பாது என்று. இப்போது நிமிர்ந்து அவற்றைப் பார்த்தாள். ஒன்றை உள்வெளியாகப் புரட்டினால் வலது கைதான். என்ன, ஜரிகை உள்ளே போய்விடும். சாதா பாப்ளினாக இருந்திருந்தால், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற துணியாக இருந்திருந்தால், இது ஒரு தப்பே இல்லை, புரட்டித் தைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கலாம், ஆஸ்பத்திரி ஏது மாத்திரை ஏது. பட்டுக்கு நல்ல பக்கம் ஒன்றுதான். அதனால்தான் வம்பு. போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. லோகநாயகியம்மாளாக இருக்கும், வெட்டியாச்சா என்று கேட்டிருப்பார். அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தம்மாளுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. ராத்திரி மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த மாதத்தில்தான் அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தம் வந்தது. அந்த மாதம் சகாயராணி நன்றாகத் தூங்கினாள், அடுப்பை ஒரே தரம் தொட்டாள், பாட்டு முணுமுணுத்தாள், ரஹ்மத் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பயம் ஒரு படி இறங்கி உட்கார்ந்திருந்தது. அந்தச் சுகத்தில் என்ன செய்தாள்? அம்மாவும் மகளும் அளவுக்கென்று கொடுத்துவிட்டுப் போன பழைய ஜாக்கெட்டுகள் ஒரே பையில் இருந்தன. அம்மாவின் அளவு ஜாக்கெட்டை வைத்து மகளின் ஜாக்கெட்டை வெட்டித் தைத்து, கொக்கிகூட வைத்து, இஸ்திரி போட்டு அனுப்பிவிட்டாள். போட்டுப் பார்த்த பெண் தர்ஷினிக்குத் தோள் இறங்கி, இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம் போல நின்றது. அழுதது அந்தப் பெண் இல்லை, சகாயராணிதான். நிச்சயத்துக்கு முந்தின சாயங்காலம் அவளும் ரஹ்மத்தும் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பிரித்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். லோகநாயகியம்மாள் காபி கொடுத்தார். "பரவால்ல ராணி, மனசுல வச்சுக்காத. முகூர்த்தச் சேலைக்கு மட்டும் கொஞ்சம் கவனமா இரும்மா" என்றார். கொஞ்சம் கவனமா. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொன்னது, அம்மா சொன்னது, மாமியார் சொன்னது, எல்லாரும் அதே இரண்டு சொல். என்னவோ பீரோ நிறையக் கவனத்தை மடித்து அடுக்கி வைத்துக்கொண்டு, எடுத்துச் செலவழிக்க மனசு வராமல் அவள் பூட்டி வைத்திருப்பது போல. அன்றைக்கு ராத்திரி அவள் ஒரு காரியம் செய்யப் பார்த்தாள். பயத்துக்கான மாத்திரையைப் போடாமல் விட்டுவிடலாம், பயம் திரும்பி வரட்டும், வந்தால் கை சரியாகிவிடும் என்று தோன்றி, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். அதைப் பின்னால் டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தன வருஷமா பயத்தக் காட்டி உங்கள நீங்களே வேல வாங்கியிருக்கீங்கம்மா. அது ஓய்வெடுத்ததும் வேல நின்னுபோச்சு" என்றார். பிறகுதான் இந்தக் காலை மாத்திரை. நியாயமாகத்தான் தெரிந்தது. டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் பயம் கூடினால்? கூடினால் கை நடுங்கும், நடுங்குகிற கையில் பட்டு நிற்காது, வழுக்கும். சரி, குறைந்தால்? குறைந்தால் அம்மாவின் அளவில் மகளுக்குத் தைப்பாள். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும் என்றால் இந்தப் பயம் எவ்வளவு இருந்தால்தான் சரி? போடாமலே இருந்துவிட்டால்? போடாமல் இருந்தால் இதோ, இப்படி, துணியை விரித்துவைத்துக்கொண்டு நெற்றித் தெறிப்போடு நிற்க வேண்டியதுதான். பிரிட்டோ கேட்டார், "இத்தன வருஷம் மாத்திரை போட்டா துணி வெட்டுன? எல்லாருக்கும்தான் மறதி இருக்கு ராணி. நான் போன வாரம் ஒரு பையன ஏத்தாமலே வந்துட்டேன்" என்று. அன்பாகத்தான் கேட்டார். அவர் மறந்தது ஒரு தரம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவள் மறப்பதைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினால் அன்றாட வேலை நடக்காது. இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பிரிட்டோவிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண் ஷட்டருக்குள் நுழையும்போதே இவளுடைய வலது தோள் இறக்கம் என்று சகாயராணியின் கண்ணில் பட்டுவிடும். பேச்சு ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம், கண் அதுபாட்டுக்கு அலைந்து அதைப் பிடித்துவிடும். கேட்டால் சின்ன வயதில் தண்ணீர்க் குடம் தூக்கினது என்பார்கள், இல்லை, ஸ்கூட்டியில் விழுந்தது என்பார்கள். இறங்கின தோளுக்கு இறங்கின மாதிரியே தைத்துக் கொடுப்பாள், போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் தோள் இறக்கமே தெரியாது. அவர்களுக்குக் காரணம் புரியாது, ராணி தைத்தால் தனி அழகு என்று போய்விடுவார்கள். மாத்திரை அந்தக் கண்ணைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டால்? பார்க்கச் சொன்னதை மட்டும் பார்க்கிற கண்ணாகிவிட்டால்? அடுப்பை அணைத்தோமா என்று அலைகிறதும் அதே தலைதான், தோளைக் கண்டுபிடிக்கிறதும் அதே தலைதான், எது எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இதை நினைத்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது, மற்றதெல்லாம் பழகின பயம்.

சும்மா நிற்கக் கூடாதென்று கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். எடுத்த கை என்ன நினைத்ததோ, தன் மார்பைச் சுற்றியே பிடித்தது. தனக்கென்று தைத்துக்கொண்டு எவ்வளவு நாளாயிற்று, பழைய அளவிலேயே தைத்துக் கை இறுகி, அக்குளில் தையல் விட்டுக்கொண்டிருக்கிறது. இலக்கத்தைப் பார்க்கக் குனிந்தாள். டேப் தொய்ந்தது. நிமிர்ந்து இறுக்கினாள், இலக்கம் தெரியவில்லை. மறுபடி குனிந்தாள், முன்னே பார்த்ததற்கும் இதற்கும் ஒன்றரை இஞ்ச் வித்தியாசம். அளவு எடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணும் குனிந்து டேப்பைப் பார்ப்பாள், பார்க்காமல் இருக்க ஒருத்தியாலும் முடியாது, "நேரா நில்லுங்க, அந்தக் காலண்டரப் பாருங்க, குனிஞ்சா அளவு மாறிடும்" என்று நாள் முழுக்க அவர்களுக்குச் சொல்வதே சகாயராணிதான். எதிர்ச் சுவரில் வேளாங்கண்ணி மாதா காலண்டர் மாட்டியிருப்பதே அதற்குத்தான், பக்தி அப்புறம். டேப்பைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். நெஞ்சு அடிக்கிறதா என்று கவனித்தாள். அடித்தது. கவனித்ததால் அடித்தது, அடிப்பதைக் கவனித்ததால் இன்னும் வேகமாக அடித்தது. ஒரு வாரமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. உள்ளே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் ஒவ்வொரு அளவு. மாத்திரையை விழுங்கினாலும் இதையேதான் செய்வாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் குனிந்து பார்த்து, ஐயோ கூடிவிட்டது என்பாள், ஐயோ குறைந்துவிட்டது என்பாள், எந்த இலக்கத்தையும் நம்ப முடியாது. பிரிட்டோவைக் கேட்கலாம் என்றால் அவர் நாள் பூராவும் ரோட்டைப் பார்க்கிறவர், வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடுகிறவர். வேறு யார் பார்க்கிறார்கள் அவளை? அப்போது ஷட்டர் கிரீச்சிட்டது.

ரஹ்மத் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்து, டிபன் பையை வாசலோர ஆணியில் மாட்டினாள். இந்தக் கடையில் ஏழெட்டு வருஷமாக எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியும் கையுமாக இருப்பவள். பேச்சு குறைவு. "என்னக்கா, இன்னும் கத்திரியே வைக்கலையா?" என்றாள்.

"இன்னைக்குப் பட்டு வேணாம் ரஹ்மத். மடிச்சு வச்சிரு. லைனிங் வேலையப் பாப்போம்."

"லோகநாயகியம்மா கேட்டா?"

"ரெண்டு நாள் ஆகும்னு நானே சொல்றேன். நீ இங்க வா, ஒன்னு சொல்லணும்." சொல்லத் தொடங்கியதும் வழக்கம்போல் எல்லாம் கலைந்து வந்தது. டாக்டரில் தொடங்கி, உப்புக்காரனுக்குப் போய், காபிக்கு வந்து, நடுவில் ராத்திரி மாத்திரையைச் சொன்னபோது ரஹ்மத், "அது தெரியும்க்கா. உங்க பர்ஸ்ல பாத்திருக்கேன்" என்றாள்.

"கேக்கவே இல்லையே நீ?"

"நீங்க சொல்லலையே."

சகாயராணிக்கு அதற்குமேல் சுற்றி வளைக்க வெட்கமாக இருந்தது. மூடிமேல் இருந்த மாத்திரையைக் காட்டினாள். "இது கவனத்துக்கு. இதப் போட்டா பயம் கூடலாம், குறையலாம், எனக்கு எதுன்னு தெரியாது. எனக்கே பாத்துக்கத் தெரியாது ரஹ்மத், நான் பாத்தா தப்பாத்தான் தெரியும். நீ எதுத்தாப்புல தானே இருக்க. இன்னைக்குப் பூரா என்னப் பாரு. எப்படி இருக்குன்னு என்கிட்டக் கேக்காத. சாயங்காலம் நீ சொல்லு. டாக்டருகிட்ட அதத்தான் சொல்லப் போறேன்."

ரஹ்மத் மாத்திரையை ஒரு தரம் பார்த்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப மொதல்ல இப்ப எப்படி இருக்கீங்கன்னு பாக்கணும்லக்கா. இல்லன்னா சாயங்காலம் எத வச்சுச் சொல்றது?" என்றாள். சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்று, தலையிலிருந்து கால்வரை மெல்லப் பார்த்தாள். கேலி இல்லை, பரிதாபமும் இல்லை, வெட்டப் போகிற துணியைப் பார்க்கிற பார்வை. சகாயராணியை இப்படி நின்று ஒருவரும் பார்த்ததில்லை. கூச்சமாக இருந்தது, கூச்சத்துக்குப் பின்னால் அழுகை வந்தது. அழுதால் அதையும் கணக்கில் சேர்த்துவிடுவாளே என்று நினைத்து, தன் கை நடுங்குகிறதா என்று கீழே பார்த்தாள்.

"குனியாதீங்க. நேரா நில்லுங்க, காலண்டரப் பாருங்க" என்றாள் ரஹ்மத்.

சகாயராணி நிமிர்ந்தாள். ரஹ்மத் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கை நடுங்குது. கீழ் உதட்டக் கடிக்கிறீங்க. நான் உள்ள வந்ததுலேர்ந்து அஞ்சாறு தடவ போனப் பாத்துட்டீங்க, எடுக்கல. நான் வரும்போது என் காலுல செருப்புப் பட்டை தேஞ்சிருக்கிறதப் பாத்துட்டீங்க, ஆனா கேக்கல. சரி, போடுங்க" என்றாள். பாட்டில் மூடியைத் திறந்து தண்ணீரை நீட்டினாள்.

மாத்திரை நாக்கில் கொஞ்சம் கசந்தது. தண்ணீரோடு உள்ளே போயிற்று. போனதும் கண் வழக்கம்போல் நெஞ்சுப் பக்கம் இறங்கப் பார்த்தது. அவள் அதை இறங்கவிடாமல் காலண்டரில் வைத்தாள். எதிரே ரஹ்மத் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, கோத்த கையோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.